காபிக் குழுத் தலைவரின் வாக்குமூலம்

டுலூத்,
ஜனவரி 14

அன்புள்ள லின்னியா,

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பன் சோஷலிஸ்ட் ஆகிவிட்டான். கொள்கையால் அல்ல, டோனட்டால்.

நீ என் போன் எண்ணைத் தடுத்துவைத்து இன்றோடு ஏழு வாரம். மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. அதனால் தபால் நிலையத்துக்குப் போய் ஒரு தபால் தலை கேட்டேன். கவுண்ட்டரில் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காதல் கடுதாசியா?" என்றாள். "மகளுக்கு" என்றேன். "ஐயோ, அவ்வளவு மோசமா?" என்றாள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் ஒரே மகளை என்னிடமிருந்து பறித்துக்கொண்ட கூட்டம் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். நீ இருக்கிற மினியாபொலிஸ் பக்கம் வந்தால் அடிப்பாய். அதனால் அதே சோஷலிஸ்ட் அமைப்பின் டுலூத் கிளைக்குப் போனேன். ஞாயிறு மத்தியானம், மலைச்சரிவு சர்ச்சின் அடித்தளத்தில் கூட்டம். மாறுவேடம்: காது மூடும் கம்பளித் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பதிவேட்டில் 'ரால்ஃப்' என்ற பெயர். உள்ளே போய் ஒரு நிமிடம் ஆகவில்லை, ஒரு பையன் வந்து, "நீங்க வார இதழ்ல காமெடிப் பகுதி எழுதற கர்ட்டிஸ் ஹாப்பலாதானே? எங்கம்மா உங்களோடத வெட்டி டாய்லெட் சுவத்துல ஒட்டிவெச்சிருக்காங்க" என்றான். என் இருபத்தைந்து வருட எழுத்துப் பணிக்குக் கிடைத்த பெரிய விருது அது.

முப்பது நாற்காலி போட்ட இடத்தில் அறுபது பேர். எல்லோருக்கும் உன் வயது. எழுந்து உட்காரும்போது முழங்கால் சத்தம் போட்டது எனக்கு மட்டும்தான். அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது, உனக்குத் தெரியாததா? கைதட்டமாட்டார்கள். சம்மதம் என்றால் இரண்டு கையையும் தூக்கி விரல்களை ஆட்டவேண்டும். இது எனக்குத் தெரியாது. நான் அப்போதுதான் சர்க்கரை தூவிய டோனட் ஒன்றை (சரி, மூன்று) முடித்திருந்தேன். துடைக்கக் காகிதம் இல்லை. கையைத் தூக்கி விரல்களை உதறினேன். அதே நொடியில் தலைமை தாங்கிய பெண், மேவ் என்று பெயர், மூக்கில் வளையம், "புதுசா வந்திருக்கற தோழர் காபிக் குழுவுக்குப் பொறுப்பு எடுத்துக்கிட்டா எப்படி?" என்று கேட்டிருக்கிறாள்.

"தோழரே ஒத்துக்கிட்டாரு!"

அறுபது பேரும் என்னைப் பார்த்து விரலாட்டினார்கள். கரையில் ஒதுங்கிய நண்டுக் கூட்டம் மாதிரி இருந்தது. மறுக்க மனசு வரவில்லை. வாழ்நாளில் நான் ஜெயித்த ஒரே தேர்தல் இது. என் தாத்தா இருந்திருந்தால் சாப்பாட்டு மேஜையை விட்டு எழுந்து போயிருப்பார். அந்தக் காலத்தில் இங்கே குடியேறிய எங்கள் பின்லாந்துக்காரர்களில் சிவப்புப் பக்கம் சாய்ந்தவர்களுக்குச் சர்ச்சு சபைக்காரர்கள் சவ அடக்கத்தில்கூடக் கைகொடுக்கமாட்டார்கள்.

ஒன்று சொல்லவேண்டும். புதிதாக வந்தவர்களிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டார்கள். ஒரு பெண் எழுந்து, தானும் அறைத் தோழியும் ஒரே இன்சுலினைப் பங்குபோட்டுக்கொள்வதாகச் சொன்னாள். மாவுப் பொட்டலத்தைப் பங்குபோடுவதைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு எந்த நகைச்சுவையும் தோன்றவில்லை. அப்படி எனக்கு ஆவதில்லை என்று உனக்குத் தெரியும்.

திரும்பும்போது வண்டிகள் நிறுத்துமிடத்தின் கோடியில் ஒரு சாம்பல் நிறக் கார், உள்ளே ஆளோடு, எஞ்சினை ஓடவிட்டபடி நின்றது. "யாருக்காகக் காத்திருக்காங்க?" என்று மேவிடம் கேட்டேன். "தெரியல. எப்பவும் நிக்கும்" என்றாள்.

பல்வலி எப்படி இருக்கிறது? உன் அம்மாவின் புதுக் கணவர் பல் மருத்துவர்தானே. அரிசோனா தூரம்தான், இருந்தாலும் அந்த ஆளால் நம் குடும்பத்துக்கு ஒரு உபயோகமாவது இருக்கட்டுமே.

அப்பா

*

மினியாபொலிஸ்,
ஜனவரி 23

அப்பா,

நீங்கள் 'அன்புள்ள' போட்டிருந்தீர்கள். நான் போடவில்லை. கவனித்திருப்பீர்கள்.

கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். சிரித்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது. எப்போதும் இப்படித்தான் செய்கிறீர்கள். நன்றித் திருநாள் சாப்பாட்டில் நான் அழாத குறையாகச் சொன்னதெல்லாம் அடுத்த வாரம் 'வான்கோழியை அரசுடைமையாக்கிய மகள்' என்று உங்கள் வார இதழ்ப் பத்தியில் வந்தது. என் பல், என் கடன், நாலு பேராக ஒரு அறையில் படுப்பது, எல்லாம் உங்களுக்குச் சிரிப்பு. அந்தப் பத்தியை எங்கள் மேனேஜர் அச்செடுத்துச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டினார். உங்களுக்கு அது தெரியாது. இப்போது தெரியும்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. நாய்களுக்குப் பிறந்தநாள் பெட்டி அனுப்புகிற கிடங்கு. நான் விலாசமும் தபால் முத்திரையும் போட்டு அனுப்பும் மேஜையில். ஒரு பெட்டியில் கேரட் கேக், பின்னிய தொப்பி, நாயின் பெயர் எழுதிய வாழ்த்து அட்டை. ஒரு பெட்டிக்கு நாற்பத்தொரு விநாடி. மேஜையை விட்டு நகர்ந்தால் திரை சிவப்பாகி நான் இல்லாத விநாடிகளை எண்ண ஆரம்பிக்கும். போன ஆகஸ்டில் வெக்கையில் ஒரு அக்கா மயங்கி விழுந்தார். அவர் தரையில் கிடந்தபோதும் திரை எண்ணிக்கொண்டுதான் இருந்தது. எங்கிருந்து இந்தப் பைத்தியம் பிடித்தது என்று அன்று சாப்பாட்டில் கேட்டீர்களே, அங்கிருந்துதான். யாரும் எனக்குப் புத்தகம் கொடுத்து மயக்கவில்லை.

நாங்கள் சங்கம் வைக்கிறோம். இருநூறு பேரில் பாதிக்கு மேல் ரகசியமாகச் சங்கத்துக்கான சம்மத அட்டையில் கையெழுத்துப் போட்டாயிற்று. நன்றாகச் சேர்ந்த பிறகு தொழிலாளர் வாரியத்தில் மனுக் கொடுப்போம். அதுவரை நிறுவனத்துக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் ஒவ்வொருவராகக் கழற்றிவிடுவார்கள். இதை ஓட்டுவது தியோ. மூன்றாம் வரிசையில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். பார்த்தால் பேசவே தெரியாதவன் மாதிரி இருப்பான். எல்லாம் அவன்தான்.

உங்கள் எண்ணுக்குப் போட்ட தடையை எடுக்கமாட்டேன். ஷிப்டு பார்க்க நிறுவனத்தின் செயலி எங்கள் போனிலேயே இருக்கிறது. அது வேறு என்னென்ன பார்க்கிறது என்று யாருக்கும் தெரியாது. காகிதம்தான் பத்திரம். எழுதுவதென்றால் காகிதத்தில் எழுதுங்கள். இதில் ஒரு வரி பத்தியில் வந்தாலும் அத்தோடு சரி.

உங்களிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது.

லின்னியா

*

டுலூத்,
ஜனவரி 31

அன்புள்ள லின்னியா,

சுவரில் ஒட்டியது தெரியாது. ஒருவருடைய டாய்லெட்டில் ஒட்டியதைப் பெருமையாக எழுதினேன், இன்னொரு சுவரில் ஒட்டியிருப்பதை நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்டு மூன்று தடவை எழுதினேன். மூன்றும் பத்தி மாதிரியே வந்தது. கிழித்துப்போட்டேன். மன்னித்துவிடு. அவ்வளவுதான்.

ஒரு வரியும் எங்கும் வராது. சத்தியம். தியோ என்ற பெயரை நான் படிக்கவே இல்லை. அந்தப் பையன் சாப்பிடுகிறானா? உனக்கு அவன்மேல்... சரி, கேட்கவில்லை.

என் பதவிச் செய்தி: காபிக் குழு நன்றாக நடக்கிறது. குழுவில் நான் ஒருவன்தான். இரண்டு பெரிய கொதிகலன், ஒன்று ஒழுகும். சர்ச்சுச் சமையலறைச் சாவி என்னிடம். சென்ற வாரம் எண்பது பேர். காபி போதவில்லை. தோழர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். "தோழர் கர்ட்டிஸ், இது காபியா, காபியோட ஞாபகமா?" என்றாள் மேவ். பரவாயில்லை, நகைச்சுவை உணர்வு உள்ள இயக்கம்தான்.

காலைச் சாப்பாட்டுக்கு வழக்கம்போல வெர்ன் ஸ்டோடோலா. ஞாபகம் இருக்கிறதா? முப்பது வருடமாக எனக்கு எதிர் நாற்காலி, என் பத்தியில் பாதி ஜோக்கு அவரிடம் சொல்லிப் பார்த்துத்தான் வெளியே போகும். கம்பெனிகளுக்கு ஏதோ ஆலோசனை சொல்கிற வேலை. மாதத்தில் பாதி நாள் மோட்டலில் இருப்பார்.

"உன் பொண்ணு என்னப்பா, இன்னும் செங்கொடிதானா?"

"எனக்கென்ன தெரியும், வெர்ன். என்கிட்ட பேசறதே இல்ல."

"பேசாம இருந்தா நல்லதுய்யா. என் பையன் பேசறான். வாயத் தொறந்தா காருக்கு டயர் வாங்கித் தாங்கறான்."

நான் வாயைத் திறக்கவில்லை. வாய் நிறைய பான்கேக் இருந்தது ஒரு காரணம் என்று நீ நினைக்கலாம். இல்லை, வேண்டுமென்றேதான் திறக்கவில்லை.

அப்பா

*

மினியாபொலிஸ்,
பிப்ரவரி 10

அப்பா,

தியோவை அனுப்பிவிட்டார்கள்.

வியாழக்கிழமை, ஷிப்டின் நடுவில். நான்கு நிமிடம் இடத்தில் இல்லை என்று காரணம் சொன்னார்கள். இரண்டு பேர் வந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, கோட்டு எடுக்கக்கூட விடாமல் வாசல்வரை கூடவே நடந்தார்கள். வெளியே பூஜ்யத்துக்கு இருபத்திரண்டு டிகிரி கீழே. கோட்டைப் பின்னால் ஒரு பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். என் மேஜை வழியாகத்தான் போனது. நான்தான் விலாசம் ஒட்டினேன்.

நான்கு நிமிடம் எல்லோரும்தான் போகிறோம். அவனை மட்டும் ஏன்?

நீங்கள் யாரிடமாவது சொன்னீர்களா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுதுங்கள். கதை வேண்டாம்.

இனி ஹோடான்தான் பொறுப்பு. சோமாலியாவிலிருந்து ஆறு வயதில் வந்தவள். என்னைவிட ஒரு வயது சின்னவள், என்னைவிடப் பத்து மடங்கு தைரியம். இந்தச் சம்பளத்தில் அவள் அம்மாவும் இரண்டு தம்பிகளும் சாப்பிடுகிறார்கள். "உனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டேன். "இருக்குடி. பயத்த எங்க வெக்கறது, லாக்கர்லயா? அதுல இடம் இல்ல" என்றாள். உண்மைதான். அட்டைகளெல்லாம் அவள் லாக்கரில், முப்பத்தொன்றாம் எண், நாய் பிஸ்கட் டப்பாவின் அடியில். எங்கே தேடினாலும் அதில் தேடமாட்டார்கள். கிடங்கு முழுக்க அந்த டப்பாதான்.

நூற்று முப்பத்தொரு அட்டை. மார்ச் நடுவில் மனு.

பல் இப்போது வலிப்பதில்லை. பாதி உடைந்து விழுந்துவிட்டது.

லின்னியா

*

டுலூத்,
பிப்ரவரி 18

அன்புள்ள லின்னியா,

இல்லை.

கதை வேண்டாம் என்றாய். ஆனால் 'இல்லை' என்று மட்டும் எழுதி உறையில் போட்டால் தபால்காரரே சந்தேகப்படுவார். அதனால் கொஞ்சம் எழுதுகிறேன்.

கோட்டு விஷயத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். அடுப்பில் எதுவும் இல்லை. சும்மா நின்றேன். ஒரு மனிதனின் கோட்டுக்கு நீ விலாசம் ஒட்டியிருக்கிறாய். நான் உன் வயதில் சுரங்க வேலை நிறுத்தத்தைக் கிண்டலடித்துப் பத்தி எழுதி இருபது டாலர் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை நூற்றிப்பத்துப் பேர். சுவரோரம் நிற்கிறார்கள். மருத்துவமனைச் சலவைக்கூடத்துப் பையன்கள், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற ஒரு பெண், கல்லூரியை விட்டு வந்து பேக்கரியில் நிற்கிற இரட்டையர்கள். இவர்களை யாரும் கெடுக்கவில்லை லின்னியா. எனக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் முப்பது வருடமாக இவர்களுக்கு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தோம்: ஒழுங்காகப் படி, உழை, வீடு வரும். இவர்கள் படித்தார்கள், உழைத்தார்கள், வந்து பார்த்தால் வீட்டில் ஆள் இருக்கிறான், கதவுக்குப் பூட்டு. இப்போது கதவைத் தட்டுகிறார்கள். தட்டுகிற சத்தம் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. பூட்டியவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள் என்பது அதைவிடப் பயம்.

இந்தத் தடவை விரலை வேண்டுமென்றேதான் ஆட்டினேன். கையில் சர்க்கரை இல்லை.

சாம்பல் கார் இப்போது இரண்டு.

வெர்ன் நேற்றுப் புதிய வேலைக்குக் கிளம்பினார். மினியாபொலிஸ் பக்கம்தானாம், உன் கிடங்குக்கு ரொம்பத் தூரம் இல்லாத மோட்டல். அங்கே ஆப்பிள் பை நன்றாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். கவலைப்படாதே, வேறொன்றும் சொல்லவில்லை.

அப்பா

*

மினியாபொலிஸ்,
பிப்ரவரி 27

அப்பா,

திங்கட்கிழமை எலித் தொல்லை என்று லாக்கர் சோதனை. இருநூறு லாக்கரில் மூன்றை மட்டும் திறந்தார்கள். அதில் ஒன்று முப்பத்தொன்று.

அட்டைகளை எடுக்கவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. ஹோடான் எலும்பு வடிவ பிஸ்கட்டை மேலே அடுக்கிவைத்திருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் வட்ட பிஸ்கட் மேலே இருக்கிறது. எல்லா அட்டையும் இருக்கிறது, வரிசை மட்டும் மாறியிருக்கிறது. படம் எடுத்துக்கொண்டு பொறுமையாகத் திரும்ப அடுக்கிவைத்திருக்கிறார்கள்.

மறுநாளே கேன்டீனில் கூட்டம். பீட்சா, குளிர்பானம், நாலு புது ஆட்கள், ரொம்பச் சிநேகமாக. ஒவ்வொருவராகத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். கையெழுத்துப் போட்டவர்களை மட்டும், பெயரின் முதல் எழுத்து வரிசையில். உள்ளே போகும்போது பேசிக்கொண்டே போகிறார்கள். வெளியே வரும்போது யாரும் என் பக்கம் பார்ப்பதில்லை.

நாலு பேரில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் எல்லோரையும் சிரிக்கவைக்க ஒரு ஜோக் சொன்னார். வான்கோழியை அரசுடைமையாக்கிய பெண்ணைப் பற்றி. சட்டையில் பெயர் குத்தியிருந்தார். வெர்ன். ஆலோசனை சொல்கிற வேலை என்று எழுதியிருந்தீர்களே, இதுதான் அந்த ஆலோசனை. சங்கம் வரவிடாமல் பேசிக் கலைக்க நிறுவனங்கள் வாடகைக்கு எடுக்கிற ஆள்.

உங்கள்மேல் பழி போடவில்லை. இன்னும் இல்லை.

ஹோடானுக்குச் சம்பளமில்லாத விடுப்பு, விசாரணை முடியும்வரை. அட்டைகளை வேறிடம் மாற்றிவிட்டோம். மார்ச் பதின்மூன்று, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஹோடானின் மாமா நடத்துகிற மளிகைக் கடையிலிருந்து காய்கறி வண்டியில் வைத்து வாரியத்துக்குக் கொண்டுபோகிறோம். இது உங்களுக்கு மட்டும்.

லின்னியா

*

டுலூத்,
மார்ச் 4

லின்னியா,

உன் கடிதம் கையில் இருக்கும்போதே வெர்னைக் கூப்பிட்டேன்.

"அந்த நாய்ப் பெட்டிக் கிடங்குல நீ என்னய்யா பண்றே?"

"வேலை பண்றேன். உன் பொண்ணு கெட்டிக்காரிப்பா. உன்ன மாதிரியே வாய்."

"அவள விட்டுடு, வெர்ன்."

"நான் யாரைத் தொட்டேன்? உட்கார்ந்து பேசறேன், அவ்வளவுதான். நீயும் நானும் பேசிக்கற மாதிரி."

அப்புறம் கத்தினேன். அவர் கத்தவில்லை. அவர் மனைவிக்குக் கண் அறுவை சிகிச்சை என்றார், நான் விசாரித்தேன். எப்படியோ நாற்பது நிமிடம் ஓடிவிட்டது. இந்த ஆளிடம் பேசுவது என் உடம்பில் ஊறிப்போன பழக்கம்.

வெள்ளிக்கிழமை விஷயம் என்னோடு இருக்கும்.

ஜாக்கிரதையாக இரு, கண்ணு.

அப்பா

*

மினியாபொலிஸ்,
மார்ச் 14

அப்பா,

காய்கறி வண்டி என்று ஒன்று கிடையாது.

மாமா கடையில் அட்டைகள் ஒருநாளும் இருந்ததில்லை. வெள்ளி, பத்து மணி, மளிகைக் கடை, மூன்றையும் நானாகக் கட்டினேன். ஹோடானிடம் சொல்லவில்லை, தியோவிடம் சொல்லவில்லை. இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்கு மட்டும் எழுதினேன். நேற்றுக் காலை ஒன்பதரைக்குத் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றேன். கடை வாசலில் சாம்பல் நிறக் கார். முன்சீட்டில் இரண்டு பேர், ஒருவன் கையில் கேமரா. தக்காளி வாங்க வந்த கிழவிகளையெல்லாம் படம் எடுத்தான். பதினொன்றரைவரை இருந்தார்கள். ஹோடானின் மாமா பயந்துபோய்க் கடையைப் பாதியில் சாத்தினார். அவருக்கு இன்னும் குடியுரிமைக் காகிதம் முடியவில்லை. நான் அதை நினைக்கவில்லை. உங்களைச் சோதிக்க அந்த மனிதரின் கடையை எழுதினேன். அந்தப் பாவம் என்னுடையது.

மீதியெல்லாம் உங்களுடையது.

மத்தியானம் ஷிப்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தினார்கள். வேகம் போதவில்லையாம். ஹோடானையும் நீக்கிவிட்டார்கள். உண்மையான மனுவைப் புதன்கிழமையே கொடுத்துவிட்டோம். ஏப்ரலில் வாக்கெடுப்பு வரும். ஆனால் கேன்டீனில் 'எம்' எழுத்துவரை முடித்துவிட்டார்கள். இருபத்தாறு பேர் கையெழுத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள்.

உங்களை வெறுக்க முயன்று பார்த்தேன். வரவில்லை. நீங்கள் கெட்டவர் இல்லை அப்பா. ஒரு விஷயத்தை வாயில் வைத்திருக்கத் தெரியாதவர். ஆனால் ஹோடானின் தம்பிகளுக்கு அந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

இனி எழுதாதீர்கள். நான் பதில் போடமாட்டேன்.

லின்னியா

*

டுலூத்,
மார்ச் 23

அன்புள்ள லின்னியா,

எழுதாதே என்றாய். இது கடைசி.

வெர்னிடம் நான் அந்த வெள்ளிக்கிழமையைச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. மளிகைக் கடை என்ற வார்த்தையே வாயில் வந்ததாக ஞாபகம் இல்லை. நாய் பிஸ்கட் டப்பாவைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை என்று அடித்துச் சொல்லலாம் போல இருக்கிறது. ஆனால் நாற்பது நிமிடம் பேசியிருக்கிறேன். என் வாயைப் பற்றி நானே சாட்சி சொல்லமுடியுமா? உன் அம்மாவிடம் இருபது வருடம் "நான் சொல்லவே இல்லையே" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். ஒவ்வொரு தடவையும் சொல்லியிருந்தேன்.

நீ சோதித்துப் பார்த்துவிட்டாய். ஒருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் வெளியே வந்தால், அந்த ஒருவன்தான் ஆள். இதில் நான் வாதாட என்ன இருக்கிறது? நான்தான். தியோவின் கோட்டு, ஹோடானின் விடுப்பு, அந்தக் கடைக்காரரின் பயம், உன் வேலை, எல்லாம் என் வாயிலிருந்து விழுந்தவைதான். எப்போது விழுந்தன என்றுதான் தெரியவில்லை.

வியாழக்கிழமை மேவைத் தனியாகப் பார்த்துச் சொன்னேன். "நீங்க கூட வெச்சுக்கத் தகுதியில்லாத ஆள் நான். ஒரு கிடங்கையே காட்டிக்கொடுத்துட்டேன்." அவள் ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தாள். நான் ஜோக்கடிக்கிறேனோ என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. அப்புறம் கையை நீட்டினாள். சமையலறைச் சாவியைக் கொடுத்தேன். "காபி கடைசில நல்லாதான் இருந்துச்சு" என்றாள், என்னைப் பார்க்காமல்.

காலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போவதில்லை. வெர்ன் இரண்டு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. பத்தியையும் நிறுத்திவிட்டேன். ஆசிரியர் ஏன் என்று கேட்டார். "வாய்ப்புண்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நேற்று சர்ச்சு வழியாக நடந்து போனேன். உள்ளே போகவில்லை. படியிலிருந்து தெருமுனைவரை வரிசை, எல்லாம் உன் வயதுப் பிள்ளைகள், குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு. எதிர்ப்பக்கம் நான்கு கார்கள். யாருமே அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. கத்துகிற உரிமையை நான்தான் தொலைத்துவிட்டேனே.

ஹோடானின் அம்மாவுக்கு எழுதலாமா என்று கேட்க நினைத்தேன். வேண்டாம், நீ விலாசம் தராமல் இருப்பதுதான் சரி.

இதோடு ஒரு தாள் தபால் தலை வைத்திருக்கிறேன். எனக்குப் பதில் போட அல்ல, வேலை தேட மனு அனுப்ப உதவும். உன் கடைசிக் கடிதத்தில்தான் முதன்முறையாக நீயே வாங்கி ஒட்டிய தபால் தலையைப் பார்த்தேன், பறவைப் படம் போட்டது. முந்தைய மூன்றும் கிடங்குத் தபாலோடு வந்தவை, உன் மேஜையிலிருக்கிற தபால் இயந்திரத்தின் சிவப்பு முத்திரைதான். முதலாளி செலவில் புரட்சி பண்ணுகிறாள் என் பெண் என்று அப்போது எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா. ஒன்றுதான் புரியவில்லை: அந்த மூன்று உறைகளையும் ஒட்டுநாடா போட்டு ஒட்டி, அதைக் கத்தியால் கீறித் திறந்து, அதற்கு மேலே இன்னொரு நாடா போட்டு ஒட்டியிருந்தாயே. ஒட்டிய பிறகு ஏதாவது ஞாபகம் வந்து திறப்பாய் போலிருக்கிறது, என்னை மாதிரியே.

அப்பா